காங்கேசன்துறை: துறைமுகம் திறக்கிறது, ஊர் எப்போது?

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒரே செய்தி வந்துகொண்டிருக்கிறது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சேவை ஆரம்பம், பிறகு இடைநிறுத்தம், அப்புறம் மீண்டும் ஆரம்பம். நடுவில் துறைமுகத்துக்கு இந்திய நிதி என்று ஒன்று, தையிட்டி விகாரைக்கு எதிரே போராட்டம் என்று ஒன்று, வலிகாமம் வடக்கில் காணி விடுவிப்பு என்று இன்னொன்று. இவ்வளவும் சைக்கிளில் அரை நாளில் சுற்றிவிடக்கூடிய பரப்புக்குள் நடப்பவை. ஆனால் துறைமுகச் செய்தியில் காணி இருக்காது, காணிச் செய்தியில் கப்பல் இருக்காது. படிக்கிறவருக்கு ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

காங்கேசன்துறை ஒரு எல்லை ஊர். எதிர்க்கரைக்கும் நமக்கும் நடுவே கடல் பாதையாக இருந்த காலத்தில் அது வளர்ந்தது. அதே கடல் வேலியான காலத்தில் ஒடுங்கிப்போனது. இப்போது பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. ஆனால் துறைமுகம் திறக்கும் வேகத்தில் அதைச் சுற்றியிருந்த ஊர் திறக்கவில்லை. இன்றைய குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

## எங்கே இருக்கிறது, எல்லை எங்கே ஓடுகிறது

யாழ் நகரிலிருந்து கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியைப் பிடித்தால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று தாண்டி ஏறக்குறைய 18 கிலோமீற்றரில் கடல் வந்துவிடும். வீதியும் அங்கே முடிகிறது, வடக்கு ரயில் பாதையும் அங்கே முடிகிறது. நிர்வாகத்தில் அது தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்துக்கும் வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்கும் உட்பட்டது.

தூரங்களை ஒருமுறை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கொழும்புக்குத் தரைவழியாக 400 கிலோமீற்றருக்கு மேல். நாகப்பட்டினத்துக்குக் கடல் வழியாக ஏறக்குறைய 110 கிலோமீற்றர். கோடியக்கரை இன்னும் கிட்ட. நேர்கோட்டில் பார்த்தால் 60 கிலோமீற்றர்கூட இல்லை. இந்த எண்களை வைத்துக்கொண்டு பார்த்தால், இங்கே துறைமுகம் ஏன் வந்தது என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

இந்தக் கடலில் எல்லை ஒரே நாளில் வந்துவிடவில்லை. படிப்படியாக இறுகியது:

1. பிரித்தானியர் காலத்தில் இரு கரையும் ஒரே பேரரசுக்குள் இருந்தன. சரக்குக்குச் சுங்கம் உண்டு, நோய்க்காலத்தில் தடுப்பு உண்டு. ஆனால் கடலைத் தாண்டுவது வெளிநாடு போவதாக யாருக்கும் தோன்றவில்லை.

2. சுதந்திரம் கிடைத்த 1948இலேயே இலங்கை குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தை இயற்றியது. கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. நேற்றுவரை பயணம் என்றிருந்தது கள்ளப் பயணம் ஆனது. வியாபாரத்தில் ஒரு பகுதி கள்ளக்கடத்தல் ஆனது. வடகரையில் கடற்காவல் தொடங்கியதும் இதற்குப் பிறகுதான்.

3. 1974 ஜூனில் பாக்கு நீரிணையில் இரு நாடுகளும் எல்லைக் கோடு வகுத்தன. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது அந்த உடன்படிக்கையில்தான். ஆனால் எல்லாரும் கச்சதீவைப் பற்றியே பேசுவதால் இன்னொன்று கண்ணில் படுவதில்லை: அந்தக் கோட்டின் வடமுனை காங்கேசன்துறைக்கு நேர் வடக்கே, ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் இருக்கிறது.

4. 1976 மார்ச்சில் கோட்டை மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நீட்டினார்கள். வங்காள விரிகுடாப் பக்கக் கோடு, 1974இன் கோடு முடிந்த அதே புள்ளியில் இருந்து தொடங்குகிறது. இரண்டு உடன்படிக்கைகளும் சந்திக்கும் இடம் நம் ஊருக்கு நேர் முன்னால் என்று சொல்லலாம்.

5. 1983க்குப் பிறகு போர். கடற்படைத் தடைகள், மீன்பிடித் தடைகள். கோடு வரைபடத்திலிருந்து இறங்கிக் கரைக்கே வந்துவிட்டது.

பழையவர்கள் சொல்வார்கள், வடகரையிலிருந்து வள்ளத்தில் போய்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்பிய காலம் உண்டு என்று. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பெருமை என்பது வேறு. அது முடியாத காரியம் என்று கேட்பவர் யாரும் சொல்வதில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

## ரயிலும் சீமெந்தும்

கோயில் மரபின்படி இந்தத் துறையின் பழைய பெயர் கயாத்துறை. மாவிட்டபுரம் கோயிலுக்கான முருகன் விக்கிரகம் இங்கே வந்து இறங்கியதால், முருகனின் இன்னொரு பெயரான காங்கேயன் ஊருக்கு வந்ததாகச் சொல்வர். ஐதீகத்தை ஐதீகமாகவே விட்டுவிடலாம். ஆனால் கதையிலும் இந்த ஊரின் முக்கிய நிகழ்வு கடல் கடந்து வந்த ஒன்றை இறக்கியதுதான்.

நவீன காங்கேசன்துறையைக் கட்டியது முதலில் ரயில். யாழ்ப்பாணத்துக்கு ரயில் கொழும்பிலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது அப்படியில்லை. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் ரயில் ஓடியது. அந்த வருடமே பாதை பளை வரை நீண்டது. கொழும்போடு முழுமையாக இணைந்தது 1905 ஆகஸ்டில். இடைப்பட்ட மூன்று வருடம் குடாநாட்டு ரயில் மற்ற எந்தப் பாதையோடும் தொடர்பில்லாமல் தனியாக ஓடியிருக்கிறது. தெற்கிலிருந்து பார்த்தால் காங்கேசன்துறை கடைசி நிலையம். வடக்கிலிருந்து பார்த்தால் முதலாவது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு, கொழும்பில் வேலை பார்த்த வலிகாமத்து உத்தியோகத்தர் குடும்பங்களுக்கு இந்த நிலையம் வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது சீமெந்து ஆலை. குடாநாட்டின் அடித்தளம் முழுவதும் சுண்ணக்கல். சீமெந்துக்கு முக்கிய மூலப்பொருளும் அதுவே. சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் மூன்று ஆலைகள் உண்டு: காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம். கல் காலடியிலேயே கிடைத்தது, சரக்கை ஏற்ற ரயிலும் துறைமுகமும் பக்கத்தில் இருந்தன. 1950இல் உற்பத்தி தொடங்கியது. ஆலையோடு விடுதிகள், கடைகள், சம்பள நாளில் நிறையும் சந்தை என்று ஊர் பட்டினமாகிவிட்டது. விவசாயமும் மீன்பிடியும் அரச உத்தியோகமும் மட்டுமே தெரிந்த குடாநாட்டில், தொழிற்சாலைத் தொழிலாளர் என்ற ஒரு வகுப்பு கணிசமாக உருவான இடம் இது. ஆலைப் புகையும் தூசியும் பற்றிய முறைப்பாடுகளும் கூடவே வந்தன.

## அரசியலில் இந்தத் தொகுதியின் எடை

ஊர் சிறிது, தொகுதி பெரிது. 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியில், தந்தை செல்வா என்று அழைக்கப்படும் எஸ். ஜே. வி. செல்வநாயகம் வென்றார். 1952இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். தந்தை செல்வாவையே தோற்கடித்த தொகுதி என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1956இலிருந்து மீண்டும் அவரே.

1972இல் புதிய குடியரசு அரசியலமைப்பை எதிர்த்துப் பதவி விலகி, முடிந்தால் இடைத்தேர்தல் வைத்துப் பாருங்கள் என்று அரசுக்குச் சவால் விட்டார். அரசு இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில் தேர்தலை வைத்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் வ. பொன்னம்பலத்தை எதிர்த்துச் செல்வநாயகம் பெரும் வெற்றி பெற்றார். அந்த வெற்றியைத் தனிநாட்டுக்கான மக்களின் ஆணையாக எடுத்துக்கொள்வதாக அவர் அறிவித்தார். தனிநாடு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் 1976 மே 14இல் வந்தது. ஆக, அந்தத் தீர்மானத்துக்கு முந்தைய படி காங்கேசன்துறையில் வைக்கப்பட்டது. செல்வநாயகம் 1977 ஏப்ரலில் இறந்த பிறகு, அந்த வருடத் தேர்தலில் இதே தொகுதியிலிருந்து அ. அமிர்தலிங்கம் நாடாளுமன்றம் போனார்.

இன்னொரு போராட்டமும் இந்தப் பக்கத்தில் நடந்தது. வரலாறு எழுதும்போது அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவது வழக்கமாகிவிட்டது. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக உரிமை கேட்டு வாசலில் திரண்டார்கள். தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கும் நடந்தது. தொழிற்சங்கம், தமிழ்த் தேசியம், சாதி எதிர்ப்பு மூன்றும் சில கிலோமீற்றருக்குள் ஒரே காலத்தில் மோதிக்கொண்ட இடம் இது. ‘அமைதியான கடற்கரைப் பட்டினம்’ என்று சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

## 1990: ஊர் மூடப்பட்டது

1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தது. பலாலி விமானத் தளமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் இராணுவத்தின் கையில் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த மக்கள் சில நாட்களில் வெளியேறினார்கள். ரயில் நின்றது, ஆலை நின்றது. காங்கேசன்துறை, மயிலிட்டி, தையிட்டி, பலாலி, வயாவிளான், கீரிமலையின் ஒரு பகுதி என்று நீண்ட ஒரு பரப்பு உயர் பாதுகாப்பு வலயம் ஆனது.

உயர் பாதுகாப்பு வலயம் என்றால் என்ன? இராணுவ நிலைகளைப் பாதுகாக்கவென்று சுற்றியுள்ள பொதுமக்களின் காணிகளுக்குள் உரிமையாளரையே விடாமல் மூடிவைக்கும் ஏற்பாடு. காணி உறுதி உங்கள் பெயரில்தான் இருக்கும். நீங்கள்தான் உள்ளே போக முடியாது. மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை போன்ற நலன்புரி முகாம்களில், தங்கள் வீட்டுக்கு ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளி, ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

துறைமுகம் மட்டும் ஓயவில்லை. தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை (கண்டி – யாழ்ப்பாண வீதி) மூடியிருந்த காலங்களில் குடாநாட்டுக்கு உணவும் எரிபொருளும் கடல் வழியாகவே வந்தன. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டபோது திருகோணமலைக்குப் போகிற கப்பலில் இடம் பிடிப்பதற்கு மக்கள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அதாவது ஊர் இல்லாமலேயே துறைமுகம் மட்டும் இயங்கலாம் என்ற நிலைமை போரில் பழகிப்போனது. இன்றுள்ள சிக்கலின் வேர் இதுதான் என்பது என் கருத்து.

போருக்குப் பிறகு நடந்தவை:

1. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. உரிமையாளர்கள் பெருந்திரளாக நீதிமன்றம் போனார்கள்.

2. 2015 ஜனவரியில் ரயில் காங்கேசன்துறைக்குத் திரும்பியது. பாதையை மீளமைத்தது இந்திய நிறுவனமான இர்கொன்.

3. 2015க்குப் பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. 2016இல் காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி சொந்த இடத்துக்கு வந்தது. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் கிடைத்தது.

4. தையிட்டியில் தனியார் காணியில் திஸ்ஸ விகாரை என்ற பௌத்த கோயில் எழுந்தது. காணிக்காரர்கள் போயா (பௌர்ணமி) நாட்களில் அதற்கு எதிரே கூடுகிறார்கள்.

5. 2025 ஏப்ரலில் வயாவிளான் – பலாலி வீதி திறக்கப்பட்டது. ஆனால் திறந்தபோது விதித்த நிபந்தனைகள் இவை: பகலில் மட்டும். நடந்து போகக் கூடாது, வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வீதி திறந்ததா, திறக்கவில்லையா என்று யாராவது கேட்டால் இரண்டும் சரிதான்.

## கப்பல் ஏன் ஓடி ஓடி நிற்கிறது

2023 அக்டோபர் 14இல் ‘செரியபாணி’ என்ற சிறிய வேகக் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. ஒரு கிழமைக்குள் சேவை நின்றது. 2024 ஆகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ தொடங்கியது; மழைக்காலத்தில் நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடி வந்தது. பயணம் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். இரண்டுமே 150 பேர் அளவில் ஏற்றும் கப்பல்கள். நிற்பதற்கான காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. காற்று. நம் வடகரை சோளகக் காலத்தில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, ஓரளவு மறைவில் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று தரையைத் தாண்டித்தான் இந்தக் கடலுக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் காற்று வடகிழக்கிலிருந்து, திறந்த கடலில் இருந்து நேரே அடிக்கிறது. அந்தக் கடலில் 150 பேர் ஏறும் கப்பலை ஓட்டுவது விவேகமில்லை. மழைக்கால நிறுத்தம் தோல்வியின் அடையாளம் என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை மார்கழியில் கரைக்குப் போய்ப் பார்க்கலாம்.

2. துறைமுகத்தின் அமைப்பு. திருகோணமலை போல மலைகள் சூழ்ந்த இயற்கைத் துறைமுகம் இல்லை இது. திறந்த கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்பு அணை நீட்டி, அதன் மறைவில் கப்பலைக் கட்டும் ஏற்பாடு. போரில் சேதமான அணையைத் திருத்த வேண்டியிருந்தது, மூழ்கிக் கிடந்த கப்பல்களை எடுக்க வேண்டியிருந்தது, ஆழப்படுத்த வேண்டியிருந்தது.

3. பயணிகள் கணக்கு. இந்தியர்களுக்கு இலங்கைக்கு வருவது சுலபம், இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம். நம்மவருக்கு இந்திய விசா வேண்டும். யாழ்ப்பாணத்தில் 2010இலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை என்றாலும், நினைத்த கிழமை கிளம்புகிற பயணம் இல்லை. அதனால் ஒரு பக்கம் நிறைந்தும் மறுபக்கம் குறைந்தும் கப்பல் ஓடுவது எளிதில் நடக்கக்கூடியது.

4. விமானம். பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையம் ஆனது. சென்னைச் சேவை கொரோனாவோடு நின்று 2022 டிசெம்பரில் திரும்பியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும், 2025இல் திருச்சிச் சேவையும் வந்தன. சென்னை போகிறவருக்குக் கப்பல் சரிவராது. நாகை, தஞ்சை, வேளாங்கண்ணி, நாகூர், சிதம்பரம் போகிறவருக்குத்தான் கப்பலில் லாபம்.

இதற்கு முன் 2011 ஜூனில் தூத்துக்குடி – கொழும்பு இடையே ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பெரிய கப்பல் விடப்பட்டது. அதே வருடம் நவம்பரிலேயே நின்றது. பெரிய கப்பல் என்றால் செலவு தாங்காது. சிறிய கப்பல் என்றால் கடல் தாங்காது. சரக்கும் சேர்ந்து ஏறினால்தான் இந்தக் கணக்கு நேராகும். பழைய தலைமன்னார் – தனுஷ்கோடிச் சேவை 1914இலிருந்து அரை நூற்றாண்டு ஓடியதற்குக் காரணம் ஆசை மட்டும் கிடையாது: தூரம் குறைவு, இரு கரையிலும் ரயில், அத்தோடு தபால். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தச் சங்கிலி அறுந்தது. காங்கேசன்துறையில் ரயில் நிலையம் துறைமுகத்துக்கு நடை தூரத்தில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் ரயில் இருக்கிறது. ஆனால் கப்பலையும் ரயிலையும் நேரம் பொருத்தி ஒரே பயணச்சீட்டாகக் கோர்த்தால்தான் அதில் பயன்.

## இந்தியா ஏன் பணம் கொடுக்கிறது

2018இல் துறைமுகத்தைப் புனரமைக்க இந்திய எக்சிம் வங்கி 45.27 மில்லியன் டொலர் கடன் தருவதாக ஒப்பந்தமானது. கடன் என்றால் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலை நகரவில்லை; இடையில் கொரோனா, பிறகு இலங்கையின் பொருளாதார வீழ்ச்சி. 2024இல் இந்தியா அதை 61.5 மில்லியன் டொலர் நன்கொடையாக மாற்ற முன்வந்தது. நன்கொடை திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாதது. செய்திகளில் இரண்டு தொகைகளும் மாறி மாறி வருவதற்குக் காரணம் இதுதான்.

வெறும் தாராள மனம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மின் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா எதிர்த்தது. பின்னர் அதே திட்டம் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து இவ்வளவு கிட்டவுள்ள துறைமுகத்தில் வேறு யாரும் வந்து உட்கார இந்தியா விரும்பாது. அதில் நமக்கு நட்டம் இல்லை. ஆனால் பாதுகாப்புக் கணக்கில் வரும் பணம் முதலில் அணைக்கும் ஆழத்துக்கும் போகும். பக்கத்து ஒழுங்கையில் இடிந்து கிடக்கும் வீட்டுக்குப் போகாது.

எல்லையின் இன்னொரு முகம் மயிலிட்டியில் தெரிகிறது. ஒரு காலத்தில் வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. இன்று அங்கே போனால், எல்லை தாண்டி வந்து கடற்படையிடம் பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். இழுவைமடி என்பது கடலடியை வாரிக்கொண்டு போகும் வலை. இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடை செய்தது. பிடித்து வைத்த படகுகள் உள்ளூர்ப் படகுகளின் இடத்தை அடைக்கின்றன. கப்பலை வரவேற்க மாலையோடு நிற்பவர்களும் இழுவைப் படகை எதிர்த்துக் கொடி பிடிப்பவர்களும் ஒரே கரைக்காரர்கள்தான். அதில் முரண்பாடு ஏதும் இல்லை.

## போனால் என்ன பார்க்கலாம்

கீரிமலைக் கேணிக்கு முதலிடம். கடலிலிருந்து ஒரு மதில் தூரத்தில் நல்ல தண்ணீர். சுண்ணக்கல்லில் மழைநீர் இறங்கி, கல்லைக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. இறங்கிய நன்னீர், பாரம் குறைந்தது என்பதால், அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு படையாக, அதாவது அடுக்காக, தங்குகிறது. குடாநாட்டுக் கிணறுகள் எல்லாம் இந்தப் படையைத்தான் இறைக்கின்றன. அது கடலை நோக்கி மெல்ல நகர்ந்து வெளியே வரும் வாய்களில் ஒன்று கீரிமலை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்ய வருகிற கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது. குளிக்கப் போகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் நகுலேஸ்வரம். பஞ்ச ஈஸ்வரங்கள் எனப்படும் இலங்கையின் ஐந்து பழைய சிவன் கோயில்களில் ஒன்று. போர்த்துக்கேயர் இடித்தனர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆறுமுக நாவலரின் தூண்டுதலால் மறுபடி எழுந்தது, போரில் மீண்டும் சேதமாகித் திருத்தப்பட்டது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் ஆடித் திருவிழா 25 நாள்; தீர்த்தம் கீரிமலையில். கீரி முகம் நீங்கிய நகுல முனிவரும், குதிரை முகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இந்த இரண்டு கோயில்களையும் கேணியையும் ஒரே கதையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

காங்கேசன்துறையிலேயே ரயில் நிலையமும் கடற்கரையும் இருக்கின்றன. கடற்கரையில் ‘தல்செவன’ என்ற விடுதியை நடத்துவது இராணுவம். தங்குவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. 1893இல் கட்டிய வெளிச்சவீட்டைத் தூரத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மேற்கே கரையோரமாகப் போனால் மாதகலில் சம்புத்துறை. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கியதாக மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளத் துறை அதுவே என்று கொள்வர். திரும்பும் வழியில் சுன்னாகத்துக்குக் கிட்டக் கந்தரோடை. பெருங்கற்காலம் முதல் மக்கள் வாழ்ந்த இடம், சிறிய தூபிகளின் கூட்டம். பௌத்தம் என்றாலே சிங்களம் என்று எடுத்துக்கொள்ளும் இரு தரப்பாரும் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

காலை ரயிலில் யாழ்ப்பாணத்திலிருந்து போய், முச்சக்கரவண்டி ஒன்றைப் பேசிக்கொண்டால் ஒரு நாள் போதும். கடற்படை, இராணுவ நிலைகளின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

## இனிச் செய்திகளில் கவனிக்க வேண்டியவை

1. கப்பல் செய்தியில் தேதியைவிடச் சரக்கைத் தேடுங்கள். சரக்குக் கப்பல் ஒழுங்காக வரத் தொடங்கினால் சுங்கம், களஞ்சியம், லொறி, கூலிவேலை எல்லாம் ஊருக்குள் வரும். பயணிகள் மட்டும் என்றால் இறங்கியவர் வாகனம் ஏறி நேரே நல்லூருக்குப் போய்விடுவார்.

2. காணி விடுவிப்புச் செய்தியில் ஏக்கர் கணக்கைவிட இடம் முக்கியம். உள்ளே தோட்டக் காணி கிடைப்பதும், துறைமுகத்தை ஒட்டிய குடிமனையும் கடைத்தெருவும் கிடைப்பதும் ஒன்றாகாது. பாதை விட்டார்களா, கிணறு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. பரந்தன், மாங்குளத்தோடு காங்கேசன்துறையிலும் முதலீட்டு வலயம் என்று அரசு அறிவித்திருக்கிறது. பழைய சீமெந்து ஆலையின் நிலம் இந்தப் பேச்சில் அடிக்கடி வருகிறது. அங்கே கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. சீமெந்து அரைப்பதற்கு மூலப்பொருளைக் கப்பலில் இறக்குவதென்றால் அது துறைமுகத்துக்கு வேலை. மறுபடி இங்கேயே சுண்ணக்கல் அகழ்வதென்றால், நன்னீர்ப் படையைத் தாங்கி நிற்கும் கல்லையே எடுப்பதாகும். கடல்நீர் உள்ளே தள்ளும், முதலில் உவர்வது தெல்லிப்பழைப் பக்கத் தோட்டக் கிணறுகள். எந்த ஆலை வருகிறது என்ற அறிவிப்பில் கல் எங்கிருந்து வரும் என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.